வேட்டைப் பைக்கு மழைக்கோட்டு

வாடா ராசா, திண்ணையில உக்காரு. கையில என்ன, போனா? அதை மடியில போடு. ஒரு பை கதை சொல்றேன்.

என் மகள் வயித்துப் பேரன் பெங்களூருல கம்ப்யூட்டர் வேலை பாக்கிறான். ஐப்பசி அடைமழையில பஸ்ஸை விட்டு இறங்கி வாரான். தலை சொட்டுது, சட்டை சொட்டுது. நெஞ்சோட அணைச்ச மேனிக்கு ஒரு பொட்டணம், அதைச் சுத்தி ரெண்டு பாலிதீன் கவர். பச்சப்புள்ளையைத்தான் தூக்கிட்டு வாரானோன்னு எங்க வீட்டுக் கிழவி பதறி ஓடுனா. பிரிச்சுப் பாத்தா ஒரு தோல் பை.

"ஹண்டிங் பேக், தாத்தா. வேட்டைக்குக் கொண்டுபோற பை. வாட்டர்ப்ரூஃப் பண்ணியிருக்கேன்"ங்கிறான்.

தண்ணி இறங்காத பைக்குக் கவர் எதுக்குடான்னேன். முழிக்கிறான்.

வேட்டையாம் வேட்டை! காட்டு மிருகத்தைத் தொடாதேன்னு எப்பவோ சட்டம் போட்டுட்டாக. இப்ப முயலைப் பிடிச்சா நம்மளைப் பிடிப்பாக. சரி, பைக்குள்ள என்னதான் வச்சிருக்கான்னு பாத்தேன். ஒரு லேப்டாப்பு, ஒரு வயரு, பாதி தின்ன சிப்ஸ் பாக்கெட்டு. இதுக்கா வேட்டைப் பை?

அதோட போச்சா? நாலு டப்பா வேற. ஒன்னுல நீட்ஸ்ஃபுட் ஆயில்னு போட்டிருக்கு. ஃபுட்டுன்னதும் திங்கிற சாமானாக்கும்னு நெனச்சேன். மாட்டுக் கால் எலும்பை வேகவச்சு எடுக்கிற எண்ணெயாம். நல்ல எண்ணெய்தான், குளிர்லயும் உறையாது. ஆனா நம்ம பய நாலு வருசமா முட்டைகூடத் தொடாதவன், அதான் வேடிக்கை. அடுத்தது மிங்க் ஆயில். மிங்க்குன்னா சீமையில ஒரு பிராணி, பாக்க நம்மூருக் கீரிப்பிள்ளை கணக்கா இருக்கும். அதோட கொழுப்பு. மாட்டுத் தோலுக்கும் அதுக்கும் எந்த வழியில சம்பந்தம்? மூணாவது தேன்மெழுகு. நாலாவது புஸ்ஸுன்னு பீச்சியடிக்கிற மருந்து. பெத்த புள்ளைக்கு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்ட நேரமில்லாத சனம், பைக்கு நாலு பூச்சு பூசுது.

சிரிக்காத. நான் கமலை இறைச்சவன்டா. கமலை தெரியுமா? நீ எங்க பாத்திருக்கப்போற! கிணத்துல மாடு கட்டித் தண்ணி இறைக்கிறது. மேல கூனைன்னு ஒரு இரும்பு வாளி, அதுக்கு அடியில யானைத் தும்பிக்கை கணக்கா நீளமா ஒரு தோல் குழாய். பேரே தும்பிதான். வடம் கூனையைத் தூக்கும், வால் கயிறு தும்பி நுனியை மடக்கிப் பிடிச்சிருக்கும். மாடு சரிவுல இறங்க இறங்கக் கூனை மேல வரும். வந்ததும் தும்பி வாயி தொட்டிப் பக்கம் நீண்டு, குபுக்குன்னு தண்ணியைக் கக்கும். விடிவெள்ளி முளைச்சதும் மாட்டைப் பூட்டுனா வெயில் ஏறுற வரைக்கும் இதே வேலை. எத்தனை தரம் முங்கியிருக்கும் அந்தத் தோலு! அது வாட்டர்ப்ரூஃபா? மண்ணாங்கட்டி. ஊறும், சொட்டும். ஆனா வருசக்கணக்கா உழைக்கும்.

எப்படின்னு கேக்க மாட்டியா?

தும்பி தைக்க எங்க ஊர்ல ஒரு பெரியவர் இருந்தாரு. ஆவாரம்பட்டையில பதம் பண்ணுன எருமைத்தோலை எடுத்து, தோல் வாராலேயே தைப்பாரு. அவரை ஊர்ல ஒருத்தன் "வாங்க"ன்னு கூப்பிட்டதில்ல, என்னையும் சேத்துத்தான். ஆனா தும்பி கிழிஞ்சா அவரு வாசல்லதான் போயி நிப்போம். அவரு சொல்லுவாரு: "தண்ணி தோலை ஒன்னும் பண்ணாது சாமி, நீங்க காயப்போடுற காச்சல்தான் கொல்லும்." நெசந்தான். ஊறுன தோலு அவசரமா காஞ்சா உள்ள இருக்கிற நாரு ஒன்னோட ஒன்னு ஒட்டி வெறைச்சுப் போகும். அப்புறம் மடக்குன எடத்துல எல்லாம் வெடிக்கும். அதனால அவரு தும்பி அரை ஈரமா இருக்கயிலேயே கைநெறைய விளக்கெண்ணெயைத் தடவி உருவுவாரு. உருவுறதுன்னா சும்மா இல்ல, மாட்டுக்கு மடி உருவுற பக்குவம். எண்ணெயை ஊத்தி நான் பாத்ததே கெடையாது. பொறவு நிழல்ல தொங்கப்போட்டுட்டு வெத்தலை போடப் போயிருவாரு.

நம்மாளு என்ன பண்ணியிருக்கான்? பாதி டப்பாவை அப்படியே கவுத்திருக்கான். பை ரசத்துல ஊறுன வடையாட்டம் தொவண்டு கெடக்கு. தொட்ட வேட்டியெல்லாம் கறை. அதுக்கு மேல தேன்மெழுகைத் தேச்சு, முடி காயவைக்கிற மெஷினைக் கிட்டக்க வச்சு ஊதியிருக்கான். திண்டுக்கல் தோல் ஷாப்புல இருபது வருசம் கணக்கெழுதுன என் மச்சினன் சொல்லுவான், தேன்மெழுகு 62, 64 டிகிரியில உருகும். பட்டையில பதம் பண்ணுன தோலு ஈரமா இருந்தா 70, 80 டிகிரியில சுருண்டுக்கிரும். ரெண்டுக்கும் நடுவுல எம்புட்டு எடம் இருக்கு? ஒரு விரக்கடை. பை மூடியோட ஓரம் சுட்ட அப்பளமா நெளிஞ்சு நிக்குது. "இது பாட்டினா, தாத்தா, பழகப் பழக வர்ற அழகு"ங்கிறான். பாட்டியாவது பூட்டியாவது!

இத்தனையும் பூசுனவன் தையலைப் பாத்தானா? பாக்கல. மழைத்தண்ணி மொதல்ல நுழையறது ஊசி போன ஓட்டை வழியாத்தான். ஒரு துண்டு மெழுகை எடுத்து நூல்மேல நாலு இழுப்பு இழுத்து, விரல் சூட்டுல அமுக்கியிருந்தா வேலை முடிஞ்சது. அதுக்கு மெஷின் எதுக்கு?

இன்னொன்னு கேளு. வெளிநாட்டுல வாய்வழியா மருந்து கெட்டிச்ச துப்பாக்கியோட நெசமாவே வேட்டைக்குப் போனானே, அவன் தோல் பையும் வச்சிருந்தான். ஆனா நனையவே கூடாத வெடிமருந்தை எதுல வச்சான்? மாட்டுக் கொம்புல அடைச்சு வச்சான். பையைப் பைன்னு மட்டும் நம்புனான். நெசவேட்டைக்காரனே அம்புட்டுதான் நம்புனான்னா, லேப்டாப்புக்காரனுக்கு என்ன வந்துச்சு?

மூணாம் நாள் காலையில "தாத்தா, பையில வெள்ளையா ஏதோ பூத்திருக்கு"ன்னு அலறுறான். எண்ணெய் சொதசொதன்னு இருக்கிற பையைக் கவருக்குள்ள இறுக்கிக் கட்டி வச்சா பூக்காம? பூசணம்டா அது. வெளிய கொண்டுபோயி ஒலந்த துணியால தொடைச்சு, காத்தாடத் தொங்கவிட்டேன். வழிஞ்ச எண்ணெயைப் பழைய வேட்டியால ஒத்தி ஒத்தி எடுத்தேன். நாலு வேட்டித் துண்டு போச்சு.

பய லீவு முடிஞ்சு கெளம்புறப்ப வானம் மூட்டமா இருந்துச்சு. பையைப் பாத்தான், மேகத்தைப் பாத்தான். லேப்டாப்பை உரச்சாக்கு உறையில சுத்தி, எங்க மஞ்சப்பையில போட்டுக்கிட்டுப் போயிட்டான். வேட்டைப் பை இங்கதான் ஆணியில தொங்குது. கிழவி அதுல வெத்தலை பாக்கும் சுண்ணாம்பு டப்பியும் போட்டுத் தோள்ல மாட்டிக்கிட்டுக் களையெடுக்கப் போறா. ஒருவழியா பை காட்டுக்குப் போயிருச்சு. நேத்துத் தூறல்ல நனைஞ்சு வந்தா. உள்ள கைவிட்டுப் பாத்தேன், வெத்தலை காஞ்சுதான் இருந்துச்சு.