மிஷ்ஷியல்

துருக்கி மொழியில் நடந்து முடிந்தது இருவகைப்படும்: கண்டது, காணாதது. கண்டதற்கு 'தி' விகுதி, காணாததற்கு 'மிஷ்'. 'அலி கெல்தி' என்றால் அலி வந்தான், நானே பார்த்தேன். 'அலி கெல்மிஷ்' என்றால் அலி வந்தானாம். அல்லது வாசலில் அவன் செருப்பு கிடக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் மஹ்மூத் காஷ்கரி தம் துருக்கி அகராதியிலேயே இந்த வேறுபாட்டைக் குறித்துவிட்டார். மிஷ்ஷை வகை பிரிப்பது மட்டும் நமக்கு மிச்சம்.

முதலாவது, வம்பு மிஷ். 'போஷன்மிஷ்லர்': விவாகரத்து ஆயிடுச்சாம். சொன்னவருக்குப் பொறுப்பில்லை. இதன் கிளை ஏளன மிஷ். 'ஸெங்கின்மிஷ்': பெரிய பணக்காரனாம்! உதட்டுச் சுழிப்பு விகுதியைச் சேர்ந்ததா, முகத்தைச் சேர்ந்ததா என்பது ஆய்வுக்குரியது.

இரண்டாவது, தடய மிஷ். காலையில் ஜன்னலைத் திறந்தால் தெரு ஈரம். 'யாமுர் யாமிஷ்': மழை பெஞ்சிருக்கு. விருந்தில் ஒரு வாய் சாப்பிட்டதும் சொல்லும் 'ஓல்முஷ்' இதன்பாற்படும்: நல்லா வந்திருக்கு. சமைத்ததைப் பார்க்கவில்லை, ருசிதான் தடயம். கவனித்தீர்களா? வம்புக்கு 'ஆம்', தடயத்துக்கு 'இருக்கு' என்று தமிழன் இரண்டு ஆள் வைத்துப் பார்க்கும் வேலையைத் துருக்கியன் ஒரே ஆளிடம் வாங்குகிறான்.

மூன்றாவது, தன்மை மிஷ். நிறுத்தம் தாண்டிப் போன பஸ்ஸில் விழித்தவன் 'உயுயாகல்மிஷிம்' என்கிறான்: தூங்கிப் போயிருக்கேன். தன் தூக்கத்துக்குத் தானே சாட்சியாக முடியாதே. ஆனால் தன் பிறப்பைப் பற்றி எழுதும்போது அதே ஆள் 'தோதும்' என்று 'தி' போட்டுத்தான் எழுதுகிறான், பக்கத்தில் நின்று பார்த்தவன் மாதிரி. இலக்கணம் இங்கே கண்டுகொள்வதில்லை.

கதை மிஷ் பாட்டிகளுடையது, விளக்கம் வேண்டாம்.

முன்னால் வரும் உயிருக்கு ஏற்ப விகுதியின் உயிர் நான்கு விதமாக மாறும். மிஷ், முஷ் இரண்டும் எளிது. மூன்றாவதில் 'பாட்டு' என்பதன் கடைசி உகரம் போல, உதடு குவியாமல் ஒலிக்கும். தொல்காப்பியம் படித்தவர்க்குக் குற்றியலுகரம் கைகொடுக்கும். நான்காவதற்கு 'இ' சொல்ல நாக்கை வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் குவிக்க வேண்டும். வீட்டில் யாரும் இல்லாதபோது பழகுவது நலம்.

கடைசியாக, குழந்தை மிஷ். உடைந்த ஜாடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பிள்ளை 'கிரில்மிஷ்' என்கிறது: உடைஞ்சிருக்கு. கையில் ஒரு துண்டு.

அம்மா 'தி' போட்டுத்தான் கேட்பாள்: 'கிம் கிர்தி?' யார் உடைச்சது?