கேபிளார் சமூகத்துக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: மேலாளர் அவர்கள், உயர்தர ஒலிக்கருவிக் காட்சியகம், முதல் மாடி, சென்னை.

பொருள்: நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகம் தங்கள் கருவிக்குத் தகுதி பெறாமல் போனது – வருத்தம் தெரிவித்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற சனிக்கிழமை தங்கள் காட்சியகத்துக்கு வந்து, செருப்பை வாசலில் விட்டுவிட்டு, ஏசிக் குளிரில் கைகட்டி நின்ற பெரியவர் நான்தான். ஊழியர் தம்பிக்கு நினைவிருக்கும். “இந்த ஸ்பீக்கர் ஒயர் என்ன விலை?” என்று கேட்டுத் தொலைத்தேன். “சார், ஒயர்னு சொல்லாதீங்க. கேபிள்” என்று திருத்தினார். எனக்குக் கூசிப்போயிற்று. ஜோடி ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய், நீளம் மூன்று மீட்டர். அப்பேர்ப்பட்டவரை மொட்டையாகப் பெயர் சொல்லி அழைக்கலாமா? ஆகவே இக்கடிதம் முழுக்க அவரைக் கேபிளார் என்றே எழுதுகிறேன்.

கேபிளாரின் திருமேனி தரையில் படக்கூடாதென்று அடிக்கு ஒரு குட்டி மரப்பீடம் வைத்திருந்தீர்கள். அதற்கும் தனி விலை என்று அறிந்து மகிழ்ந்தேன். ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்ட் கொண்டுவரும் இளைய கேபிளாரையும் தரிசித்தேன். பெருவிரல் கனம், வெள்ளி முலாம், பாம்புச் சட்டை மாதிரி ஒரு வலை உறை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்து எடுக்கும் மின்சாரம் சுமார் இருநூறு கிலோமீட்டர் அலுமினியக் கம்பியில் வெயிலில் காய்ந்து, மழையில் நனைந்து, துணைமின் நிலையங்களில் இறங்கி, எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மரில் காக்கை எச்சத்துக்கடியில் உறுமி, சுவருக்குள் கொத்தனார் பதித்த ஒயரில் ஓடி பிளக் பாயிண்ட்டுக்கு வருகிறது. அதற்கப்புறம் இளைய கேபிளாருக்குள் ஒன்றரை மீட்டர் நடந்ததும் சகல தோஷமும் நீங்கிவிடுகிறது என்று தம்பி விளக்கினார். காசிக்குப் போவானேன்?

பிறகு டெமோ. ஈகிள்ஸ் குழுவின் ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’, 1994 மேடைப் பதிவு. ஒலிக்கருவிக் கடை என்று உலகில் எங்கே திறந்தாலும் பிள்ளையார் சுழி இதுதான் போலிருக்கிறது. நன்றாகவே இருந்தது. அடுத்து என் பென் டிரைவைக் கொடுத்தேன். தோடி. அரை நிமிஷம் ஆகியிருக்காது, தம்பி நிறுத்திவிட்டார். “இந்த மாதிரி பழைய ரெக்கார்டிங் போட்டா சிஸ்டத்தோட வேல்யூ தெரியாது சார். உங்களுக்குக் கீழ ஃப்ளோர்ல புளூடூத் ஸ்பீக்கர் இருக்கு.”

பக்கத்து சோபாவில் காபியோடு உட்கார்ந்திருந்த தம்பதி என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார்கள். லிஃப்ட் வரை வழியனுப்பவும் ஆள் வந்தார்.

காலஞ்சென்ற வித்வானின் சார்பில் தங்களிடம் மன்னிப்புக் கோருகிறேன். குறுந்தகடு 1982-இல்தான் வந்தது. அவர் 1956-இலேயே அவசரப்பட்டுப் போய்விட்டார். கேபிளாரின் அவதாரம் வரை பொறுத்திருக்கலாம். அதுவும் மணிக்கணக்கில் ஊதக்கூடிய தோடியை, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம் ஓடும் 78 சுழற்சி அரக்குத் தட்டுக்குள் மடித்துவைத்துவிட்டார். அந்தத் தட்டுகளில் ஐயாயிரம், ஆறாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக ஒன்றும் இருக்காது. தங்கள் ஸ்பீக்கரோ நாற்பதாயிரம் வரை போகுமாம். நல்ல இளங்காதுக்கே எல்லை இருபதாயிரம். என் வயதில் பன்னிரண்டாயிரம் கேட்டால் பாக்கியம். மிச்சத்தை எங்கள் தெரு நாய்கள் ரசிக்கட்டும்.

இன்னும் சிலரும் தங்கள் கடைக்குள் நுழையாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். வீணை தனம்மாள் என்று ஒருவர் (1867–1938). 1930-களில் பதிந்த தட்டுகள். ஊசி உரசும் இரைச்சலுக்கு அடியில் காதை வைத்துத் தேட வேண்டும். மதுரை மணி ஐயர் இன்னும் மோசம். அவர் கச்சேரிகளை ரசிகர்களே ஸ்பூல் டேப்பில் பிடித்துவைத்தார்கள். அவற்றைக் கேபிளார் வழியே விட்டால் முதலில் முன்வரிசை இருமல், அடுத்து ரோட்டில் போகிற பஸ்ஸின் ஹாரன், அப்புறம்தான் ஐயரின் ஸ்வரம். சங்கடமான ஆட்கள். நம்மிடம் இருக்கிற பெரிய சங்கீதத்தில் பாதி இந்த மாதிரி சங்கடங்களாகத்தான் மிஞ்சியிருக்கிறது.

அந்தப் பாதியைப் போடக் கூச்சப்படுகிற கருவி யாருக்கய்யா வேண்டும்? ஒரு மனுஷன் ஆயுசு முழுக்க ஊதிச் சேர்த்ததை ஆள்காட்டி விரலால் நிறுத்த உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? பாட்டைக் கேட்கத்தான் பெட்டி. பெட்டியைக் கேட்கப் பாட்டு என்று தலைகீழாக்கி, அதற்குத் தவணைத் திட்டமும் போட்டு விற்கிறீர்கள். இது வியாபாரம்கூட இல்லை, திமிர்.

மன்னிக்கவும். இரத்த அழுத்தம். கேபிளாரின் கருணையால் இப்போது தேவலை.

ஒரு விஷயத்தில் தங்களைப் பாராட்டியே ஆக வேண்டும். அந்த அரை நிமிஷத்தில், என் வீட்டில் ஒருநாளும் காதில் விழாத ஒன்று விழுந்தது. கீறல் சத்தத்துக்குப் பின்னால், நாகஸ்வரம் மூச்சுக்கு நின்ற இடைவெளியில், சுருதி மட்டும் தனியே இழைந்துகொண்டிருந்தது. தங்கள் ஸ்பீக்கர் அசல் சரக்கு. சிஸ்டத்தின் வேல்யூ தெரியாது என்று தம்பி சொன்னாரே, எனக்கு அது தெரிந்ததே அங்கேதான். ஹோட்டல் கலிஃபோர்னியாவில் தெரியவில்லை. இன்னும் இரண்டு நிமிஷம் ஓடவிட்டிருந்தால், சேமநிதிப் பணத்தில் கைவைத்து அந்த ஸ்பீக்கரையாவது வாங்கியிருப்பேன். ஒரு விற்பனை போயிற்று. கேபிளார் கவனிக்க.

இந்த ஸ்பீக்கரில் கேபிளாரின் பங்கு எவ்வளவு என்று வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். எலக்ட்ரிகல் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கிற 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், மூன்று மீட்டர் போக, மூன்று மீட்டர் வர. மொத்த மின்தடை 0.04 ஓம். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் அது எந்த மூலை? அமெரிக்க மேஜிக் நிபுணர் ஜேம்ஸ் ராண்டி 2007-இல், 7,250 டாலர் கேபிளாரையும் சாதாரண ஒயரையும் பார்க்காமல் காதால் மட்டும் பிரித்துச் சொல்பவருக்குப் பத்து லட்சம் டாலர் என்று அறிவித்தார். சோதனை நடக்கவே இல்லை, பணமும் கைமாறவில்லை. அதே வருஷம் மேயர், மோரன் என்ற இருவர் உயர்தெளிவுப் பதிவையும், அதையே குறுந்தகட்டுத் தரத்துக்கு இறக்கியதையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்கவைத்தார்கள். 554 முறையில் சரியாகச் சொன்னது 276 முறை. பூவா தலையா போட்டிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும்.

கேபிளாரின் மகிமையை நான் சந்தேகிப்பதாகத் தாங்கள் நினைக்கக்கூடாது. அதை ஊரறியச் செய்யவே இந்த விண்ணப்பம். தங்களுக்கு வசதியான ஒருநாள், தங்கள் கடையிலேயே, குறுக்கே ஒரு துணியைக் கட்டுவோம். துணிக்குப் பின்னால் ஒருமுறை கேபிளார், ஒருமுறை என் பையிலிருக்கும் ஒயர். முன்னால் தாங்களும் தம்பியும், முடிந்தால் அந்த சோபாத் தம்பதியும். பத்துக்கு ஒன்பது முறை சரியாகச் சொல்லிவிட்டால் கேபிளாரை மரப்பீடங்களோடு வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் கேட்டால் பதில் சொல்வது என் பாடு. சொல்ல முடியாவிட்டால் தோடியை முழுசாகப் போட வேண்டும். ராஜரத்தினம் பிள்ளைக்கு ஆகிற அந்தச் சில நிமிஷத்தில் தம்பி எழுந்து போகக்கூடாது, போன் பார்க்கக்கூடாது.

துணிச் செலவு தங்களுக்கு வேண்டாம், என் வேட்டியைக் கொண்டுவருகிறேன். நாலு முழம் போதுமா, எட்டு முழம் வேண்டுமா என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
கீழ்த்தளத்துக்கு அனுப்பப்பட்டவன்