இந்தியா பேல் ஏலின் கைப்பும் வடலூர் வட்டார மல்லாட்டையும்: ஓர் ஒப்பாய்வு

இந்தியாவின் பெயரைத் தாங்கிய பீர் ஒன்று இருநூறு ஆண்டுகளாக உலகெங்கும் குடிக்கப்பட்டு வருகிறது. அதைப் பற்றி லண்டனில் நூல்கள் உண்டு, அமெரிக்காவில் போட்டிகள் உண்டு, பெங்களூரில் வாய்த்தகராறுகள் உண்டு. வடலூரிலிருந்து மட்டும் ஒரு வரியும் வந்தபாடில்லை. முனைவர் பட்டக்காரர்கள் இதை 'ஆய்வு இடைவெளி' என்பார்கள். அந்த இடைவெளியில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்களமும் அறநெறி ஒப்புதலும்

கடலூர் – விருத்தாசலம் சாலையும் விக்கிரவாண்டி – தஞ்சாவூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் நான்குமுனைச் சந்திப்பு வடலூர். 1867 மே 23 அன்று வள்ளலார் இங்கே தருமச்சாலை அடுப்பை மூட்டினார். அது இன்னும் அணையாமல் சோறு ஆக்கிக்கொண்டிருக்கிறது. 1872இல் சத்திய ஞானசபை வந்தது. தைப்பூசத்துக்கு ஊர் கொள்ளாத கூட்டம். வள்ளலார் நினைவு நாள் என்று தமிழ்நாடு முழுக்க டாஸ்மாக் அன்றைக்கு இழுத்து மூடப்படும். ஆண்டில் எட்டு நாள் அடைப்பில் ஒரு நாள் எங்கள் ஊர்க் கணக்கில் வருகிறது என்பதில் இவ்வாய்வாளருக்குப் பெருமைதான்.

இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்து பீரைச் சுவைப்பது முறையாகாது. எனவே எழுதுவது வடலூரில், சுவைப்பது நெய்வேலி நகரியத்தில் சகலை வீட்டில் என்று ஆய்வு இரண்டாகப் பிரிக்கப்பட்டது. அறநெறிக் குழுவின் ஒப்புதலும் பெறப்பட்டது. குழுவுக்குத் தலைவரும் உறுப்பினரும் ஒருவரே: மாமியார். தைப்பூசம் தவறாதவர், வெங்காயம் பூண்டுகூடத் தொடாதவர். "கண்ணெதிர்ல பண்ணுங்க மாப்ளே, மாடிக்கு ஓடாதீங்க" என்ற ஒரே நிபந்தனையுடன் ஒப்புதல் கிடைத்தது.

முன்னோர் சொன்னவை

புட்டி ஒட்டிகளிலும் விளம்பரங்களிலும் ஒரு கதை உலவுகிறது. கப்பலில் இந்தியா வந்து சேர்வதற்குள் பீர் புளித்துப்போயிற்று; ஜார்ஜ் ஹாட்ஜ்சன் என்ற லண்டன்காரர் மூளையைக் கசக்கி, ஹாப்ஸ் பூவை அள்ளிப்போட்டு, கெடாத பீரைக் கண்டுபிடித்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மார்ட்டின் கார்னெல் என்ற பீர் வரலாற்றாசிரியர் பழைய ஏடுகளைப் புரட்டி இந்தக் கதையின் காற்றை இறக்கிவிட்டார். ஹாப்ஸ் மிகுந்த வெளிர்நிற பீர் இங்கிலாந்தில் ஏற்கெனவே இருந்தது. கறுப்பான போர்ட்டர் பீரும் அதே கப்பல்களில் வந்து, சிப்பாய்கள் வயிற்றில் பத்திரமாகவே இறங்கியது.

அப்படியானால் ஹாட்ஜ்சனின் சாமர்த்தியம் எது? அவருடைய ஆலை 'போ' என்ற இடத்தில் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நிற்கும் பிளாக்வால் துறை பக்கத்திலேயே. கப்பல் தலைவர்களுக்குச் சொந்த வியாபாரம் செய்துகொள்ளக் கம்பெனி இடம் ஒதுக்கியிருந்தது. அவர்களுக்கு ஹாட்ஜ்சன் ஓராண்டு, ஒன்றரை ஆண்டுத் தவணையில் சரக்குக் கொடுத்தார். போய் விற்று வந்து பணம் கட்டினால் போதும். கடனுக்குக் கிடைக்கும் சரக்கின் சுவையே தனி என்பதை எங்கள் கடைத்தெரு மளிகைக்காரர்கள் எந்த ஏட்டையும் புரட்டாமலே சொல்லிவிடுவார்கள்.

ஹாட்ஜ்சனின் வாரிசுகள் அந்தக் கடனைச் சுருக்கி விலையையும் ஏற்றினார்கள், கெட்டது வியாபாரம். கம்பெனி இயக்குநர் மார்ஜோரிபேங்க்ஸ், பர்ட்டன் ஊர்க்காரர் சாமுவேல் ஆல்சாப்பைக் கூப்பிட்டு, இதே மாதிரி உம்மால் காய்ச்ச முடியுமா என்று கேட்டார். 1822இல் ஆல்சாப்பின் ஆள் ஜாப் குட்ஹெட் முதல் மாதிரியை ஒரு தேநீர்க் கெண்டியில் காய்ச்சிக் காட்டியதாக வரலாறு. நான்குமுனைச் சந்திப்பு டீக்கடை மாஸ்டரிடம் இதைச் சொன்னபோது அவர் வியக்கவில்லை. "கெண்டி சுத்தமா இருந்தா எதுவும் நல்லா வரும்" என்றார். மேற்கோளுக்குத் தகுதியான கருத்து.

'இந்தியா' பெயரில் ஒட்டிக்கொண்ட கதையை விரிக்கத் தேவையில்லை. 'கிழக்கிந்திய வெளிர் ஏல்' என்று அச்சில் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகளில் ஒன்று 1829ஆம் ஆண்டு சிட்னி செய்தித்தாள் விளம்பரம். இந்தியா இதில் கைநாட்டுக்கூட வைக்கவில்லை. நம்மவர்கள் பின்னாளில் லாகரின் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். தென்னிந்திய ஆலைகள் ஐந்தை இணைத்து 1915இல் உருவான யுனைடெட் புரூவரீஸின் சரித்திரமே அதற்குச் சாட்சி.

ஜிப்சம் தேற்றம்

இனி வருவதுதான் இந்த ஆய்வின் முதுகெலும்பு. லண்டன் பீரை பர்ட்டன் பீர் தோற்கடித்ததற்குக் காரணம் ஆல்சாப் அல்லர், தண்ணீர். பர்ட்டன் கிணறுகளில் ஜிப்சம் கரைந்திருக்கிறது. அதிலுள்ள கால்சியம், முளைகட்டிய தானியமான மால்ட் ஊறும்போது புளிப்பின் அளவைச் சரியான இடத்தில் நிறுத்துகிறது. சல்பேட்டோ ஹாப்ஸின் கைப்பைத் தீட்டி, நாக்கில் பிசுக்கில்லாமல் விடுகிறது. மற்ற ஊர் ஆலைக்காரர்கள் பொறாமை தாங்காமல் தங்கள் தண்ணீரில் ஜிப்சத்தைக் கொட்டிக் கலக்க ஆரம்பித்தார்கள். இன்றும் உலகெங்கும் இந்தியா பேல் ஏல் (ஐ.பி.ஏ.) காய்ச்சுபவர்கள் அதையே செய்கிறார்கள்.

ஜிப்சம்! கடலூர் மாவட்டத்து விவசாயி யாரிடமாவது இந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். மல்லாட்டைக்குப் போடுவதுதானே என்பார். நிலக்கடலை என்று பாடப்புத்தகத்திலும் மல்லாட்டை என்று எங்கள் வாயிலும் வழங்கும் அந்தப் பயிருக்கு, விதைத்த நாற்பது நாற்பத்தைந்தாம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைப்பார்கள். பூவிலிருந்து விழுது மண்ணுக்குள் இறங்கியதும் காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை வேர் ஊட்டிவிடாது. காயே சுற்றியுள்ள மண்ணிலிருந்து உறிஞ்சிக்கொள்ள வேண்டும். ஜிப்சம் போடாவிட்டால் காய் பொக்காகிவிடும்.

ஆக, பர்ட்டனில் காய்ச்சிய பீரும் எங்கள் பக்கத்துக் குறிஞ்சிப்பாடியில் விளைந்த மல்லாட்டையும் ஒரே உப்பைத் தின்று வளர்ந்தவை. ஒன்றின் பக்கத்தில் மற்றொன்றைத் தட்டில் வைக்கும் பழக்கத்துக்கு இதுவரை எவரும் அறிவியல் காரணம் தேடியதில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கும் பண்பு பருப்புக்கும் உண்டு என்பதே இவ்வாய்வாளரின் தேற்றம்.

நெய்வேலித் தண்ணீரைக் கொண்டே இதைச் சோதித்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: பர்ட்டன்காரர்கள் தண்ணீரை விற்றுப் பணக்காரர் ஆனார்கள், நெய்வேலியிலோ பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு முட்டிக்கொண்டு நிற்கும் ஊற்றுநீரை இரவும் பகலும் இறைத்து வெளியேற்றினால்தான் சுரங்கமே நடக்கும். 1956இல் நிலக்கரி நிறுவனம் தொடங்கியதிலிருந்து தண்ணீரோடுதான் முதல் மல்லுக்கட்டு, அப்புறம்தான் நிலக்கரி.

மாதிரியும் கடற்பயணமும்

மாதிரி லண்டனில் இருக்கும் உறவுக்காரப் பையன் கொண்டுவந்தது. பழைய குறிப்பேட்டுப்படி மறுபடி காய்ச்சியது என்று ஒட்டியில் அச்சிட்டிருந்தது. இப்படி உயிர்ப்பிக்கும் வேலை அங்கே சில காலமாக நடக்கிறது. ஆல்சாப் வம்சத்து ஜேமி ஆல்சாப், குடும்பப் பெயரிலேயே அந்தப் பீரை 2021இல் மீண்டும் கடைக்குக் கொண்டுவந்தார். நம் புட்டி எவருடையது என்பதைச் சொன்னால் கட்டுரை விளம்பரமாகிவிடும்.

உயிர்ப்பித்தவர்கள் மால்ட்டையும் ஹாப்ஸையும் தண்ணீரையும் உயிர்ப்பித்தார்கள். வழியை உயிர்ப்பிக்கவில்லை. அந்தக் காலத்துப் பீப்பாய் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, பூமத்திய ரேகையை இரண்டு முறை கடந்து, ஐந்தாறு மாதம் வெந்து குலுங்கிச் சென்னையையோ கல்கத்தாவையோ அடைந்தது. அந்தச் சூட்டிலும் குலுக்கலிலும்தான் பீர் பக்குவப்பட்டது என்பது பழையவர்கள் கணிப்பு. தருமச்சாலை அடுப்பு மூட்டிய இரண்டாம் ஆண்டு, 1869இல், சூயஸ் கால்வாய் திறந்து அந்தச் சுற்றுவழியையும் வெட்டிவிட்டது. பீட் பிரவுன் என்ற எழுத்தாளர் 2007இல் பர்ட்டனிலிருந்து ஒரு பீப்பாயோடு கடல்வழி கல்கத்தாவுக்குப் புறப்பட்டார். பீப்பாய் வழியிலேயே வெடித்தது; மாற்று வரவழைத்துப் பயணத்தை முடித்தார், புத்தகமும் எழுதினார். மெச்சத்தக்க ஆய்வாளர், செலவாளியும்கூட.

நம் புட்டி விமானத்தில் வந்தது. பத்து மணி நேரம். இது மரபு ஆகுமா? ஆகாது. எனவே அதைத் துணியில் சுற்றிச் சகலையின் பைக் பெட்டியில் வைத்து, அக்னி நட்சத்திர வெயிலில் விக்கிரவாண்டி – தஞ்சாவூர் சாலையில் பண்ருட்டி வரைக்கும் போகவர ஓட்டச் செய்தோம். அந்தச் சாலையின் பள்ளங்களை அறிந்தவர்கள் நன்னம்பிக்கை முனை அலைகளைப் பற்றி மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். பூமத்திய ரேகைக்கு ஈடாகப் பகலில் பெட்டியை நிழலில் நிறுத்தக்கூடாது என்று உத்தரவு. "சகலை, வெடிச்சா யார் பொறுப்பு?" என்று அவர் கேட்டதும், பீட் பிரவுனின் முன்னுதாரணம் எடுத்துரைக்கப்பட்டது.

ஆய்வுக்கு நிதி

சகலை.

குளிர்வித்தல்

இங்கே குழுவுக்குள் பிளவு ஏற்பட்டது. ஃப்ரிட்ஜில் வைத்து ஜில்லென்று குடிக்க வேண்டும் என்பது சகலை கட்சி. ஹாட்ஜ்சன் காலத்தில் ஃப்ரிட்ஜ் ஏது என்பது என் கட்சி. சென்னைக் கடற்கரையில் அமெரிக்கப் பனிக்கட்டியைச் சேமிக்க ஐஸ் ஹவுஸ் கட்டியதே 1842இல்தான். விவேகானந்தர் தங்கிய பிறகு அது அவர் பெயரில் இல்லமாகிவிட்டதால் அங்கும் உதவி கிடைக்காது. அதற்கு முன் வெள்ளைக்காரர் வீடுகளில் ஆப்தார் என்றொரு வேலையாள் இருப்பார். வெடியுப்பைத் தண்ணீரில் கரைத்து, அது குளிர்ந்ததும் புட்டியை அதில் உருட்டி உருட்டித் தணிப்பதே அவர் உத்தியோகம்.

வெடியுப்பு வாங்கப் போனால் போலீஸ் விசாரணை வரும். பக்கத்து வட்டத்தில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் வழி சொன்னார்: "யூரியாவைக் கரைங்க தம்பி. அதுவும் சூட்டை உறிஞ்சிக்கிட்டுத்தான் கரையும்." பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், கைக்கு மேல் கை யூரியா. வாளியின் வெளிப்புறம் வியர்க்கத் தொடங்கியது. புட்டியைக் கழுத்தளவு அமிழ்த்தி உருட்டினோம். அப்போதுதான் ஆசிரியருக்கு இன்னொன்று நினைவு வந்தது. 2015 முதல் நாட்டில் விற்கும் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியது. வாளி வேப்பெண்ணெய் நாற்றம் நாறியது. கைப்பை அளக்கப் புறப்பட்டவர்களின் கையெல்லாம் கைப்பு. ஆய்வுச் சூழல் மாசுபட்டுவிட்டது என்று குறிப்பேட்டில் பதிந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தொடர்ந்தோம்.

சுவைப்பு

டீக்கடைக் கண்ணாடி டம்ளர்கள். எவர்சில்வரில் நிறம் தெரியாது. வெளிர் என்று பெயர் வைத்துவிட்டு நிறம் பார்க்காமல் விட முடியுமா? மூடியைத் திறந்ததும் நுரை பொங்கி மேசைவிரிப்பில் ஒரு பங்கைக் கொடுத்தது. சாலைப் பயணத்தின் விளைவு. தங்கத்தில் செம்பு கூடிய நிறம், இலேசான கலங்கல்.

முதலில் அறநெறிக் குழு முகர்ந்தது. குடிக்கவில்லை, முகர்ந்தது மட்டுமே. கண்ணை மூடி, ஒரு விநாடி மூச்சை இழுத்து, "நாரத்தை இலையக் கசக்குனா வர்ற வாசன. கூடவே நனஞ்ச வைக்கோலு. கெட்டுப்போன வாசன இல்ல" என்றார் மாமியார். நீண்ட நாள் ஊறிய ஆங்கில ஏல்களில் பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட் வேலை செய்வதை கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தார் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கண்டறிந்தார்கள். அதன் வாசனையை அங்குள்ள நிபுணர்கள் குதிரைக்குப் போர்த்தும் கம்பளி என்று எழுதுவார்கள். வைக்கோல், கம்பளி இரண்டும் தொழுவத்துப் பொருள்களே. மாமியார் தொழுவத்தைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார், கால்நடை மட்டும் வேறு.

சகலை ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. "இது பீரா, கஷாயமா?"

ஆசிரியர் மெல்லச் சப்பினார். கைப்பை அளக்க உலகம் ஐ.பி.யூ. என்ற அலகை வைத்திருக்கிறது. தோராயமாக லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஹாப்ஸ் அமிலம். பொதுவாக லாகர் பத்திலிருந்து இருபதுக்குள் அடங்கும், ஐ.பி.ஏ. நாற்பதைத் தாண்டும், எழுபதையும் தொடும். எங்களிடம் கருவி இல்லை, ஆனால் வீட்டில் சமையற்கட்டு இருந்தது. வெந்தயத்தைக் கீழ்ப்படி என்று வைத்தோம், அதற்கு மேலே சுண்டைக்காய் வற்றல், வேப்பம்பூ ரசம், பிழியாத பாகற்காய். உச்சியில் டெங்கு காலத்தில் அரசு மருத்துவமனை வாசலில் கையில் திணிக்கப்படும் நிலவேம்புக் குடிநீர். புட்டியின் கைப்பு வேப்பம்பூ ரசத்துக்கும் பாகற்காய்க்கும் இடையே நிற்பதாக மூவரும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தோம். ஆறு மாதக் கடற்பயணத்துக்காக வெள்ளைக்காரன் திரட்டிய கைப்பு, சித்திரை முதல் நாள் இலையில் நாம் ஓரமாக வைப்பதைக் கொஞ்சம் தாண்டுகிறது, அவ்வளவுதான். இதைப் போய் முரட்டுப் பீர் என்கிறார்கள்.

பிறகு வேகவைத்த மல்லாட்டை வந்தது. இரண்டு காய் உடைத்துத் தின்றுவிட்டு மீண்டும் ஒரு வாய். கைப்பு அடங்கியது, உள்ளே ஒளிந்திருந்த மால்ட்டின் இனிப்பு மேலே வந்தது. சகலையே "இப்பப் பரவால்ல" என்றார். மூவரில் மூவர், நூறு விழுக்காடு. ஜிப்சம் தேற்றம் நிறுவப்பட்டது என்று எழுதப் பேனாவைத் திறந்தேன்.

ஆசிரியர் விடவில்லை. "வேகவைக்கும்போது உப்புப் போட்டாங்களா?" போட்டார்கள், தாராளமாக. "சோடியம் கைப்பை அமுக்கும் தம்பி. பாகற்காய்க்கு உப்புத் தேய்க்கிறோமே, அதே வேலை. ஜிப்சத்துக்கு இதுல ஒரு பங்கும் இல்ல." ஓய்வுபெற்ற பிறகும் விடைத்தாள் திருத்தும் பழக்கம் போகவில்லை அவருக்கு. ஒப்பீட்டுச் சோதனை தேவை என்றார்: உப்பில்லாமல் வேகவைத்த மல்லாட்டையில் ஜிப்சம் போட்டு விளைந்தது ஒரு தட்டு, போடாமல் விளைந்தது ஒரு தட்டு.

ஜிப்சம் போடாத மல்லாட்டை தேடிக் குறிஞ்சிப்பாடிப் பக்கம் தெரிந்த விவசாயி ஒருவரிடம் போனோம். ஆய்வின் நோக்கம், முறையியல், எதிர்பார்க்கும் முடிவு எல்லாம் விளக்கப்பட்டன. களையெடுத்துக்கொண்டே கேட்டவர் நிமிர்ந்தார்.

"ஒரு மூலைய அப்படியே விட்டுடலாம் சார். பொக்காத்தான் காய்க்கும், ஒங்களுக்கு ஒரு மூட்ட ஒதுக்கி வெக்கறேன். அந்த பாட்டில் இன்னொண்ணு இருக்குதா?"