ஆயில் கூலர் பொருத்துதல்: ஒரு திணை ஆய்வு

ஸ்போர்ட்ஸ் கார்களை அறிஞர்கள் பலவாறு வகுத்துள்ளனர். எஞ்சின் முன்னால் உள்ளவை, பின்னால் உள்ளவை, கூரை திறப்பவை, திறக்காதவை என்று அப்பட்டியல் நீளும். இவ்வாய்வு அவற்றை இரண்டாக மட்டுமே பகுக்கிறது: ஆயிலின் சூட்டைக் காட்டும் முள் உள்ளவை, அம்முள் இல்லாதவை. ஆயில் சூட்டுக் காய்ச்சல் முன்னவற்றுக்கே வரும் என்பது நம் துணிபு.

சான்று வண்டியாக நிசான் 370இசட்டை எடுத்துக்கொள்வோம். 2009 மாடலாக அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. 3.7 லிட்டர், ஆறு சிலிண்டர், 332 குதிரைத்திறன். டாஷ்போர்டின் நடுவே, மேல்பக்கம், ஓட்டுபவரைப் பார்த்துத் திரும்பிய மூன்று கிண்ணங்கள். ஒன்றில் கடிகாரம், ஒன்றில் வோல்ட், ஒன்றில் ஆயில் வெப்பம். இதன் பாட்டனாரான 240இசட்டிலும் மூன்று கிண்ணங்கள் உண்டு. அங்கே ஆயிலின் அழுத்தம் தெரியும், வெப்பம் தெரியாது. ஆகவே பாட்டனாரை ஓட்டியவர்கள் அதைப் பற்றிக் கவலைப்பட வழியில்லாமல் ஓட்டினார்கள்.

காய்ச்சல் முழுக்கக் கற்பனை என்று சொல்லவில்லை. கலிபோர்னியாவில் வில்லோ ஸ்பிரிங்ஸ் போன்ற பாலைவன ட்ராக்கில், கோடை வெயிலில் விடாமல் விரட்டினால் முள் 280 பாரன்ஹீட்டுக்குப் போகும். ஏறக்குறைய 138 டிகிரி செல்சியஸ். அந்த அளவில் எஞ்சினின் கணினி குறுக்கே வந்து சுற்று வரம்பை இறக்கிவிடும். பின்னால் வருகிறவர் ஹாரன் அடிக்காமல் முந்திப் போவார். அது இன்னும் அவமானம். பிற்பாடு சில வகைகளில் கம்பெனியே கூலர் வைத்து அனுப்பியது.

ஆனால் இவ்வாய்வின் பாட்டுடைத் தலைவர் ட்ராக்குக்குப் போனவர் அல்லர். போகப்போகிறவர். ஆபீசுக்குப் போகும் வழியில் முள் 220 பாரன்ஹீட்டில், அதாவது 104 டிகிரியில் நிற்பதைப் பார்த்துக் கலங்கியவர். உண்மையில் எஞ்சின் ஆயிலுக்கு அது ஆரோக்கியமான சூடு. நூறு டிகிரியை ஒட்டிப் போனால்தான் ஆயிலில் கலந்த ஈரமும் பெட்ரோல் துளியும் ஆவியாகி வெளியேறும். இதைத் தலைவரிடம் சொன்னால் "இருக்கட்டும்" என்பார். கூலர் பார்சல் ஏற்கெனவே கிளம்பியிருக்கும்.

இனித் திணை. நிலம்: கராஜும் கராஜ் சார்ந்த இடமும். பெரும்பொழுது: ட்ராக் நாளுக்கு முந்தைய வாரம். சிறுபொழுது: சனிக்கிழமை யாமம். கருப்பொருள்: ஜாக், ஸ்டாண்ட், பழைய துணி, ஆறிப்போன காபி. உரிப்பொருள்: பாகம் குறைதலும் குறைதல் நிமித்தமும். தலைவி மாடியில் விளக்கணைத்துவிட்டார் என்பது குறிப்பால் உணரப்படும்.

பார்சலுக்குள் இருப்பவை மூன்று. அடுக்குத் தகடுகளால் ஆன கூலர். ஸ்வீடனின் செட்ராப் அல்லது பிரிட்டனின் மோக்கால் என்றால் தலைவரின் குரலில் ஒரு பணிவு வரும். எஞ்சினுக்கும் ஆயில் ஃபில்டருக்கும் நடுவில் செருகும் சாண்ட்விச் பிளேட். இவ்விரண்டையும் இணைக்கும் ஹோஸ்கள் இரண்டு. ஹோஸின் அளவு ஏஎன் 10 எனப்படும். பத்து என்பது அங்குலத்தில் பதினாறில் பத்துப் பங்கு, ஏறத்தாழ 16 மில்லிமீட்டர். முனை 37 டிகிரிச் சாய்வு. அமெரிக்கத் தரைப்படையும் கடற்படையும் இரண்டாம் உலகப் போர்க்கால விமானங்களில் புழங்கிய தரம் இது. இப்போது காய்கறி வாங்கப் போகும் வண்டியில் அது பணியாற்றுகிறது.

முதல் வினை பம்பரைக் கழற்றுவது. இங்கே ஆய்வாளர் சற்று நிற்க வேண்டும். பம்பரைப் பிடித்திருப்பவை போல்ட்டுகளைவிட அதிகமாகப் பிளாஸ்டிக் கிளிப்புகளே. காளான் போலச் சப்பைத் தலை, நடுவில் ஓர் ஆணி. தட்டை ஸ்குரூடிரைவரை நுழைத்து ஆணியை முதலில் தூக்கவேண்டும், பிறகுதான் உடலை. அவசரத்தில் இரண்டையும் சேர்த்துத் தூக்கினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். தலை கையில் இருக்கும், உடல் உள்ளே இருக்கும். பல ஆண்டு வெயில் குடித்த கிளிப் ஒழுங்காகத் தூக்கினாலும் அதே சத்தத்தைத்தான் தரும். ஒடிந்ததை மறைத்துவைத்துப் பம்பரை மாட்டிவிடலாம் என்பது ஒரு சாரார் கொள்கை. நெடுஞ்சாலையில் எண்பது மைல் வேகத்தில் பம்பரே அதை மறுத்துரைக்கும்.

கூலரை ரேடியேட்டருக்கு முன்னால் மாட்டும்போது சம்பிரதாயப் பிளவு எழுகிறது. ஹோஸ் முனை மேலே பார்க்க வேண்டும் என்பது வடகலை. உள்ளே சிக்கிய காற்று தானே வெளியேறும். கீழே பார்க்க வேண்டும் என்பது தென்கலை. ஆயில் மாற்றும்போது பழையது வடியும். தகட்டின் பக்கவாட்டில் முனை வருமாறு நிறுத்திவைப்போரும் உளர். அவர்களை இரு சாராரும் சேர்த்துக்கொள்வதில்லை.

சாண்ட்விச் பிளேட்டின் தெர்மோஸ்டாட் விஷயத்தில் மட்டும் சமரசம் கூடாது. ஆயில் 80 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடான பிறகே கூலருக்கு முழு வழி திறப்பது அதன் வேலை. அது இல்லாத பிளேட்டை மலிவென்று வாங்கியவரின் வண்டி, குளிர்காலக் காலையில் அரை மணி ஓடியும் வெதுவெதுப்பைத் தாண்டாது. பிறகு அவர் செய்வதைக் கவனிக்க: காற்று வரட்டும் என்று ஆகஸ்டில் பம்பரில் வெட்டிய ஓட்டையை டிசம்பரில் டேப் ஒட்டி அடைப்பார்.

எல்லாம் முடிந்து முதல் ஓட்டம். ஆயில் அரை லிட்டருக்குமேல் கூடுதலாக ஊற்றியாயிற்று. பெட்ரோலைத் துண்டித்துவிட்டு ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றி, அழுத்தம் ஏறியதும் எஞ்சினை எழுப்பியாயிற்று. முள் இப்போது 200 பாரன்ஹீட்டில் நிற்கிறது. எஞ்சினில் மாற்றம் ஏதும் தெரியவில்லை. தலைவர் முகத்தில் தெரிகிறது. முள்ளைக் காட்டுவதற்காகவே வீட்டாரை ஒருமுறை அழைத்துப் போகிறார். "முன்னாடி எவ்ளோ இருந்துச்சு?" என்று தலைவி கேட்பது பெருந்தன்மை. எனவே, கூலர் குளிர்விப்பது எதை என்ற வினா மேலாய்வுக்கு உரியது.

நிசானும் இத்துணிபுக்கு மறைமுகமாக உடன்பட்டிருப்பதாகவே கொள்ளலாம். 2022-இல் வந்த புதிய இசட்டின் மூன்று கிண்ணங்களில் ஆயில் வெப்பம் இல்லை. டர்போவின் அழுத்தம், டர்போவின் சுழற்சி வேகம், வோல்ட் என்று மாற்றிவிட்டார்கள். டர்போவுக்கு என்ன நோய் கண்டுபிடிப்பார்கள் என்பதை அடுத்த தலைமுறை ஆய்வாளர் பார்த்துக்கொள்வார்.

தீர்ப்பு இது. ட்ராக்குக்குப் போகிறவர் தெர்மோஸ்டாட் உள்ள கூலராகப் பார்த்துப் பொருத்திக்கொள்ளலாம். ஹோஸ் எங்கேயாவது இரும்பில் உரசுகிறதா என்று முதல் ஓட்டத்துக்குப் பிறகு கட்டாயம் பார்க்க வேண்டும். போகாதவர் அந்தக் காசில் நல்ல ஆயிலும் ஃபில்டரும் மாற்றலாம். இருவருக்கும் பொதுவாக ஒரு வேண்டுகோள்: பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்ததா என்று பாருங்கள். அது எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புதியதை முறுக்கி வண்டியை ஸ்டார்ட் செய்தால், மொத்த ஆயிலும் கராஜ் தரைக்கு வந்துவிடும்.