ரசீது மாமா

கண்மாய் உள்ள ஊரில் இப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார். பஞ்சாயத்துத் தலைவர் அல்ல. வார்டு மெம்பருக்கு ஒருமுறை நின்று தோற்றிருக்கலாம். கக்கத்தில் ரசீது புத்தகம், சட்டைப்பையில் இரண்டு பேனா. தெருமுனையில் அவர் தலை தெரிந்தால் டீக்கடை பெஞ்சு காலியாகும். பாதி டீயை விட்டுவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். எங்கள் சிவகங்கைப் பக்கத்தில் அவருக்கு ரசீது மாமா என்று பெயர்.

கண்மாய் முழுக்கச் சீமைக்கருவேலம். ஆயக்கட்டு 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் என்றால் நீர்வளத் துறை பொறுப்பு, குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். மாமா இரண்டு இடத்திலும் ஏறி இறங்கினார். நீர்வளத் துறைக் கணக்கில் 39, ஒன்றியக் கணக்கில் 41. சரி, நாமே வெட்டுவோம் என்று ஞாயிற்றுக்கிழமைக்குத் தண்டோரா போட்டார்.

வந்தவர்கள்: பள்ளிக்கூடப் பிள்ளைகள், அரிவாளோடு இரண்டு அப்பத்தாக்கள், கரையில் நின்று யோசனை சொல்ல ஒரு பெரிய மனிதர். "வெட்டுனா மறுபடி தழைக்கும்ப்பா, வேரோட பிடுங்கணும்" என்றார் அவர். கொடுமை, அவர் சொன்னது சரி. வேரோடு பிடுங்க ஜேசிபி வேண்டும். ஜேசிபிக்கு வாடகை வேண்டும். ரசீது புத்தகம் பிறந்த கதை இதுதான்.

மாமா யாரிடமும் பணம் கேட்டதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மேலத்தெரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடிப்பார். போகிற போக்கில், "உங்க பங்காளி அஞ்சாயிரம் எழுதியிருக்காரு மாப்ள. ஒங்களுக்குக் கஷ்டம்னா ஐநூறு போதும்" என்பார். ஆறாயிரம் வரும். அதைக் கொண்டுபோய்ப் பங்காளியிடம் காட்டி, அப்போதுதான் அந்த ஐயாயிரத்தை உண்மையிலேயே எழுத வைப்பார். பாகப்பிரிவினை வழக்கு நடக்கும் குடும்பங்கள் ஊரில் நாலைந்து இருந்தால் கண்மாயே தூர்ந்துபோகாது என்பது அவர் சித்தாந்தம்.

வெளிநாட்டுப் பையன்கள் வேறு ரகம். வாட்ஸப் குழுவில் கண்மாய்ப் படம் போட்டால் சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் கும்பிடும் கைகள் குவியும். இந்தக் கைகளைப் பேங்கில் போட்டால் வட்டி உண்டா என்று மேனேஜரிடமே கேட்டுவிட்டார். பணம் அனுப்புகிறவன் குழுவில் வாயே திறக்காதவனாக இருப்பான். வருமான வரியே கட்டாத ஒருவர் மட்டும் "80ஜி ரசீது உண்டா?" என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அடுத்தது பள்ளிச் சுற்றுச்சுவர். 'நமக்கு நாமே' திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும். இந்தக் கணக்கு மாமாவுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆண்டுக்கு ஆறு கிராம சபை. ஆறிலும் முதல் வரிசை. அதிகாரிகள் வந்ததும் தலைவரைத் தேடுவதில்லை, மாமா எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் நாற்காலி போடுகிறார்கள்.

அவர் வீட்டு ஓடு சரிந்து இரண்டு மழை ஆகிவிட்டது. அத்தை பொறுத்துப் பார்த்துவிட்டு, "வர்ற மே 1 கிராம சபையில நானே எந்திரிச்சு மனுக் கொடுக்கப் போறேன்" என்றார்.

மாமா ரசீது புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தாராளமாக் குடு, தீர்மானம் போட்டுருவோம். ஆனா மூணுல ஒரு பங்கு ஒங்க அண்ணன் வீட்டுலருந்து வரணும்."