தனிநடைச் செல்வர்

கோடை விடுமுறையிலும் ஆயுதபூசையை ஒட்டிய நீண்ட வார இறுதிகளிலும் கொடைக்கானலுக்கு ஏறிவரும் மக்களைப் பலவகையாகப் பிரிக்கலாம் எனினும், ஏரியில் படகு விட்டு, சாக்லேட்டும் தைலமும் வாங்கி, குதிரைமேல் அமர்ந்து ஒரு படம் எடுத்துக்கொண்டு அன்றிரவே வத்தலக்குண்டு வழியாக இறங்கிவிடும் பெருங்கூட்டத்தோடு தம்மையும் சேர்த்து எண்ணுவதைச் சற்றும் பொறுக்காத ஒரு சிறுபான்மையினர் அண்மைக் காலத்தில் உருவாகியிருக்கின்றனர். இக்கட்டுரை அவர்களைத் தனிநடைச் செல்வர் என்று அழைக்கிறது. தனிநடை என்பது, முன்பின் அறியாத பிறர் எவரும் கலவாமல், ஒருவருக்கோ ஒரு குடும்பத்துக்கோ மட்டும் உள்ளூர் வழிகாட்டி ஒருவர் அமர்த்தப்பட்டு நடத்தப்படும் மலைநடை. செல்வர்களின் வழக்கில் இது ‘பிரைவேட் ட்ரெக்’. பத்துப் பேரோடு போவதைவிட இதற்குக் கட்டணம் அதிகம். அந்த அதிகம் எதற்கு என்று வினவினால், தனிமைக்கு என்பார் செல்வர். தனியாக இருப்பதற்கென்று ஒருவருக்குச் சம்பளம் பேசி உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் நம் முனிவர்களிடம் இருந்ததாகத் தெரியவில்லை.

தனிநடைச் செல்வர் பெரும்பாலும் சென்னையிலோ பெங்களூருவிலோ ஒரு நிறுவனத்தில் பத்துப் பதினைந்து பேரை மேய்க்கும் பதவியில் இருப்பவர், நாற்பதைக் கடந்தவர், மருத்துவர் கொழுப்பைப் பற்றி ஒருமுறை சற்று அழுத்திச் சொன்னதிலிருந்து இயற்கையின்பால் ஈடுபாடு கொண்டவர். அவர் மலைக்கு வந்துசேரும் முன்பே மலைக்குரிய பொருள்கள் அனைத்தும் அவரிடம் வந்துசேர்ந்துவிடுகின்றன: கணுக்காலை மூடும் நீர்புகாக் காலணி, முழங்காலில் ஜிப்பை இழுத்தால் அரைக்காற்சட்டையாகிவிடும் முழுக்காற்சட்டை, முதுகுப்பையிலிருந்து குழாய் வழியே வாய்க்குத் தண்ணீர் வரும் ஏற்பாடு, மடக்கி நீட்டத்தக்க இரண்டு ஊன்றுகோல்கள், இதயத் துடிப்பையும் ஏறிய உயரத்தையும் காட்டும் கைக்கடிகாரம். இமயமலையில் ஒரு வாரம் நடப்பதற்கு இவை போதுமானவை. செல்வர் போகவிருப்பதோ வட்டக்கானலிலிருந்து, டால்பின் மூக்கு எனப்படும் பாறைநுனிவரை, ஓரிரு கிலோமீட்டர். அவருக்கு முன்னே நடக்கும் வழிகாட்டியின் காலில் ரப்பர் செருப்பு, தலையில் குரங்குக் குல்லா, கையில் வழியில் ஒடித்த ஒரு குச்சி. அந்தக் குச்சியும் செல்வரின் மனைவிக்கு உதவும் என்று ஒடித்தது.

அந்தப் பாதை டால்பின் மூக்கோடு முடிந்துவிடுவதில்லை. அது மேலும் இறங்கி வெள்ளகவி என்னும் பழைய மலையூரை அடைந்து, அங்கிருந்து பெரியகுளத்தை அடுத்த கும்பக்கரைக்குப் போகிறது. மோட்டார் சாலை வருவதற்கு முன் கொடைக்கானலுக்கு ஏறியவர்களின் வழிகளுள் அதுவும் ஒன்று. ஊருக்குள் எவரும் காலணி அணிவதில்லை என்ற கட்டுப்பாட்டைக் காத்துவரும் வெள்ளகவி மக்கள், தலைச்சுமையோடு எதிரே ஏறிவரும்போது செல்வரை ஒரு கணம் பார்த்துவிட்டு ஒதுங்கி வழிவிடுவர். அதை அவர் மரியாதை என்று எடுத்துக்கொள்கிறார். அந்த இரண்டு ஊன்றுகோல்களும் எந்தப் பக்கம் வீசப்படும் என்பது தெரியாமையால் அவர்கள் மேற்கொள்ளும் முன்னெச்சரிக்கை அது.

இந்த நடையின் அமைப்பில் ஒரு சூழ்ச்சி உண்டு. போகும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம். ஆகவே முதற்பாதியில் செல்வரின் வீரத்துக்கு எல்லையில்லை; வேர்கள் படிபோலப் பின்னிக் கிடக்கும் சரிவில் வழிகாட்டியையே முந்திக்கொண்டு இறங்கி, “இவ்வளவுதானா தம்பி?” என்று திரும்பிப் பார்த்துக் கேட்கிறார். வழிகாட்டிக்கு வயது ஐம்பத்தைந்து இருக்கும். இந்த விளிமுறை நிலத்தின் சாய்வைப் பொறுத்து மாறுகிறது என்பதைக் கூர்ந்து நோக்குவோர் அறியலாம்: இறக்கத்தில் ‘தம்பி’யாக இருந்தவர் வழுக்குப்பாறையில் ‘பாஸ்’ ஆகி, திரும்பும் ஏற்றத்தின் முதல் வளைவிலேயே ‘அண்ணே’ ஆகிவிடுகிறார்; அதற்கு மேலும் ஒரு படி உண்டு. “இன்னும் எவ்வளவு தூரம்ணே?” என்ற கேள்விக்கு, “இந்தா வந்துருச்சு சார், ஒரு பத்து நிமிசம்” என்பது விடை. முக்கால் மணி கழித்துக் கேட்டாலும் அதே பத்து நிமிடந்தான், குரலில் மட்டும் உறுதி கூடியிருக்கும். கையில் கடிகாரம் கட்டியிருந்தும் செல்வர் ஒவ்வொரு முறையும் இதை நம்புகிறார்.

கொடைக்கானல் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். ஒரு மூச்சில் உட்செல்லும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. இந்த அறிவியல் உண்மையைச் செல்வர் புறப்படும் முன்பே படித்து வைத்திருப்பதால், பத்தாவது எட்டில் மூச்சு வாங்கும்போது இடுப்பில் கைவைத்து நின்று, “ஆல்டிட்யூட்” என்று ஒரே சொல்லில் காரணத்தை விளக்கிவிட முடிகிறது. அதே உயரத்தில் பிறந்து வளர்ந்த வழிகாட்டி தலையை ஆட்டி ஒப்புக்கொள்கிறார். காலையில் விடுதிக்கு அழைக்கப் போயிருந்தபோது, ஆறு இட்லிக்கும் இரண்டு வடைக்கும் பிறகு ஒரு தட்டுப் பொங்கலும் உள்ளே போனதை வாசலில் நின்று பார்த்தவர் அவர்.

செல்வர் காண வந்தது மனிதன் கைபடாத இயற்கையை. அதை அவர் கண்டுகொள்ளும் இடம் பைன் மரக்காடு. நெட்டநெடுக, வரிசை பிசகாமல், அடியில் புல்பூண்டு அதிகமின்றி நிற்கும் அந்த மரங்களிடையே மனிதர் எந்தக் கோணத்தில் நின்றாலும் படம் நன்றாக வரும். மரங்கள் வரிசையில் நிற்பதே யாரோ நட்டிருக்கிறார்கள் என்பதற்குச் சான்று என்னும் எண்ணம் அவருக்கு எழுவதில்லை. பைன் வெளிநாட்டிலிருந்து வந்தது. தைலமரமும், வாட்டில் எனப்படும் சீகைமரமும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. விறகுக்கும், தோல் பதனிடும் பட்டைக்கும், ஆலைகளின் மரக்கூழுக்குமாக இம்மலையின் புல்வெளிகளில் நடப்பட்டவை. அவ்வளவு ஏன், ஊரின் நடுவிலுள்ள ஏரியே மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்ச் 1863இல் நீரோடைக்குக் கரைகட்டி உண்டாக்கியது. இம்மலைக்கே உரிய காடு சோலை எனப்படும். பள்ளங்களிலும் ஓடைக்கரைகளிலும் மட்டும் குட்டையான முறுகல் மரங்கள் நெருங்கி, அடிமரமெல்லாம் பாசியேறி, உள்ளே பகலிலும் இருண்டு கிடப்பது அது. அதைச் சூழ்ந்த மேட்டுச் சரிவுகள் புல்வெளி. பெய்த மழையைப் பிடித்துவைத்துக் கோடைவரை ஓடைகளில் கசியவிடுவது இவ்விரண்டும் சேர்ந்து செய்யும் வேலை. கீழே பெரியகுளத்து வயல்களும் தோப்புகளும் பச்சையாக இருப்பதற்கு அதிலும் பங்குண்டு. வட்டக்கானலை ஒட்டிய பாம்பார் சோலையின் ஓரத்தில் நின்று, “சார், இதுதான் எங்க மலையோட காடு” என்று வழிகாட்டி சொல்லும் அந்த ஒரு வாக்கியம் அன்றைய கட்டணம் முழுவதற்கும் ஈடு. செல்வர் குனிந்து உள்ளே பார்த்துவிட்டு, “ஒரே புதரா இருக்கே, கிளீன் பண்ணக் கூடாதா?” என்கிறார். உள்ளிருந்து சீகாரப் பூங்குருவி, வேலைவெட்டி இல்லாத பையன் ஒருவன் சீழ்க்கையடிப்பது போன்ற தன் பாட்டை இழுத்து இழுத்துப் பாடத் தொடங்கினால், அவர் சட்டைப்பையைத் தடவிப் பார்க்கிறார்.

வழிகாட்டியைக் கொண்டு மலை காண்பது தமிழுக்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், நன்னனின் மலைநாட்டுக்குப் போகும் கூத்தருக்கு வழி கூறும் ஆற்றுப்படை, அதாவது பரிசில் பெற்றவர் பெறப் போகிறவரை வழிப்படுத்தும் நூல். பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாம்பு உறையும் குழி எங்கே, பாசி படர்ந்து வழுக்கும் இடம் எங்கே என்று அது எச்சரிக்கும் அளவுக்கு இன்றைய சுற்றுலாக் கையேடுகள் எச்சரிப்பதில்லை. குறிஞ்சிப்பாட்டும், ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தற்குக் கபிலர் பாடியது என்ற பழங்குறிப்பை நம்பினால், ஒரே ஒரு வெளியூர்க்காரருக்காக நடத்தப்பட்ட தனிநடைதான்; அதில் 99 பூக்கள் பெயர் சொல்லிக் காட்டப்படுகின்றன. பிரகத்தன் நடுவே குறுக்கிட்டு, இங்கே சிக்னல் கிடைக்குமா என்று கேட்டதாகக் குறிப்பில்லை. மலைபடுகடாம் கூறும் அறிவுரைகளுள் மற்றொன்று, குறவரே மயங்கும் இடத்துக்கு வந்துவிட்டால் நடையை நிறுத்தி இசைக்கருவிகளை ஒலிக்கவேண்டும் என்பது; ஓசை கேட்டுக் கானவர் வந்து உதவுவர். தனிநடைச் செல்வர் இம்மரபை அறியாமலே பின்பற்றுகிறார். அவருடைய பையில் தொங்கும் கையடக்க ஒலிபெருக்கி, வழி மயங்காத இடத்திலும், சோலை முழுக்கக் கேட்கும்படி இளையராஜாவை ஒலிக்கிறது. அதைக் கேட்டு வருபவர் வனக்காப்பாளர்.

வனக்காப்பாளரின் வருகையை வேடிக்கையாக மட்டும் கருதுவதற்கில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மூண்ட காட்டுத்தீ மலைநடைக்குச் சென்றிருந்த இளையோர் பலரைப் பலிகொண்ட பிறகுதான், எவர், எப்போது, எந்தப் பாதையில், யாருடைய அனுமதியோடு போகலாம் என்பதற்குத் தமிழகத்தில் விதிகள் வகுக்கப்பட்டன. 2024இல் அரசு 40 பாதைகளை முன்பதிவுக்குத் திறந்து, அவ்வப்பகுதிப் பழங்குடியினரையும் காட்டோர ஊர்க்காரர்களையும் வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்தது. செல்வருக்கு இவை தெரியும். தெரிந்தே, “மேல ஒருத்தர் நமக்கு வேண்டியவர்தான், பேசிக்கலாம்” என்கிறார். வழிகாட்டி கைகட்டி நின்று தாழ்ந்த குரலில் பேசிக் காப்பாளரை அனுப்பிவைக்கிறார். ஒலிபெருக்கி பைக்குள் போகிறது.

மழைக்காலத்து அட்டையைப் பற்றி விரித்துரைக்கத் தேவையில்லை. கடிக்கும்போது வலி தெரியாது, விட்ட பிறகும் இரத்தம் உறையாமல் கசியும், உப்போ புகையிலையோ பட்டால் சுருண்டு விழும் என்பவை எல்லாரும் அறிந்தவை. நீர்புகாக் காலணிக்குள் அட்டை புகும் என்பதைச் செல்வர் அறியாதவர். அறிந்ததும் அவர் எழுப்பும் ஒலி, அதுவரை எங்கோ மேய்ந்துகொண்டிருந்த காட்டுமாட்டைத் தலைநிமிரச் செய்கிறது. கடா ஒரு டன் எடையை நெருங்கக்கூடிய அவ்விலங்கு, திமில் புடைத்த கரிய உடலும் முழங்காலுக்குக் கீழே வெண்ணிறமுமாக, இருபது அடி தொலைவில் பாதையின் குறுக்கே வந்து நின்று, ஒருமுறை மூக்கால் ஊதுகிறது. “அசையாதீங்க சார். ஓடாதீங்க. அது பாட்டுக்குப் போயிரும்” என்கிறார் வழிகாட்டி, உதடு அசையாமல். மேலே குறிப்பிட்ட கடைசிப் படி இங்கேதான் வருகிறது. “ஐயா” என்கிறார் செல்வர். அவருடைய ஊன்றுகோல் இரண்டும் கீழே கிடக்கின்றன. கைகள் வழிகாட்டியின் ஸ்வெட்டரைப் பின்னாலிருந்து பற்றியிருக்கின்றன. இதயத்துடிப்பு அளவு மீறியது என்று கடிகாரம் கீச்சிடுகிறது. மாடு அதைச் சிறிது நேரம் கேட்டுவிட்டு, சீகைமரங்களுக்குள் இறங்கிப் போய்விடுகிறது. இந்நிகழ்ச்சி அன்றிரவு விடுதியில் விவரிக்கப்படும்போது, அசையாமல் நிற்கச் சொன்னவர் செல்வராகிவிடுவார்.

மலைக்காட்சி என்று விளம்பரங்களில் கூறப்படுவது கொடைக்கானலில் மூடுபனியின் விருப்பத்துக்கு உட்பட்டது. பாறைநுனியில் கால்மணி நேரம் வெண்மையைத் தவிர வேறொன்றும் இராது. செல்வர் அப்போது, கட்டணத்தில் குறைத்துக்கொள்ள இடமுண்டா என்று நினைக்கத் தொடங்குவார். பனி விலகி, ஆயிரம் மீட்டருக்கு மேல் ஆழத்தில் பெரியகுளத்துச் சமவெளி துலங்கும் சில நிமிடங்களில் அவர் அதற்கு முதுகைக் காட்டி நிற்கிறார், ஏனெனில் படத்தில் முகம் வரவேண்டும். வழிகாட்டி தரையோடு தரையாகப் படுத்து, இரண்டடி உயரப் பாறையை அதலபாதாளமாகக் காட்டும் கோணத்தில் கைப்பேசியைப் பிடிக்கிறார். இந்தக் கலையை அவருக்கு எந்தப் பயிற்சி வகுப்பிலும் கற்பிக்கவில்லை.

மாலையில், கோக்கர் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி 1872இல் மலைவிளிம்பில் அமைத்த கோக்கர் நடைபாதைக்குச் செல்வர் அழைத்து வரப்படுகிறார். சூரியன் முதுகுப்புறம் தாழ்ந்திருக்க, எதிரே பள்ளத்தாக்கில் மூடுபனி நிறைந்திருந்தால், அங்கே அரிதாக ஒரு தோற்றம் காணக் கிடைக்கும்: பார்ப்பவரின் நிழல் பேருருவமாகப் பனிமேல் விழும், அந்நிழலின் தலையைச் சுற்றி வானவில் வண்ணத்தில் வளையங்கள் ஒளிரும். ஜெர்மனியின் பிராக்கன் மலையில் கண்டு விவரிக்கப்பட்டதால் இதற்குப் பிராக்கன் தோற்றம் என்று பெயர். பனித்துளிகள் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்புவதால் நேர்வது இது. ஆகவே ஒவ்வொருவரும் ஒளிவளையத்தைத் தம் தலையைச் சுற்றி மட்டுமே காணமுடியும், பக்கத்தில் நிற்பவரின் தலையைச் சுற்றிக் காணமுடியாது. செல்வர் அதைக் கண்டு சற்று நேரம் பேச்சிழந்து நிற்கிறார். பிறகு வழிகாட்டியின் நிழலைப் பார்க்கிறார். அங்கே வளையம் இல்லை. அவருக்கு இதில் வியப்பு ஏதும் ஏற்படுவதில்லை. வழிகாட்டிக்கும் தம் தலையைச் சுற்றி மட்டுமே அது தெரிகிறது என்பதை வழிகாட்டி சொல்வதுமில்லை.

கணக்குத் தீர்க்கும் இடம் சமதரை. அங்கே வழிகாட்டி மறுபடியும் ‘தம்பி’ ஆகிவிடுகிறார், பேசிய தொகையில் நூறு ரூபாய் குறைகிறது, காட்சி கால்மணி நேரம் மறைந்திருந்தது காரணமாகக் கூறப்படுகிறது. வாசகர்களுள் எவரேனும் இவ்வகை நடைக்குப் புறப்பட நேர்ந்தால், அனுமதியுள்ள பாதையா என்று முதலில் கேட்டறிந்து, கூலியை ஏறும் முன் பேசி, திரும்பியதும் பேசியபடி கொடுத்துவிட வேண்டும். மழைக்காலமாயின் காற்சட்டையின் அடிப்பகுதியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ள வேண்டும். குறிஞ்சி பூத்திருக்கிறதா என்று மட்டும் வழிகாட்டியைக் கேட்கவேண்டாம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி இம்மலைகளில் கடைசியாகப் பூத்தது 2018இல், அடுத்த முறை 2030இல். ஆனால் தொலைவிலிருந்து வந்தவரின் மனம் நோகக்கூடாதே என்று, “போன வாரந்தான் சார் முடிஞ்சுச்சு” என்று அவர் சொல்லிவிடுவார்.