எண்ணெய் சொட்டும் எம்ஜிபி

கேள்வி: ஓய்வு பெற்ற கையோடு 1966-ஆம் வருட எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிவிட்டேன். பழைய கார் வைத்துப் பழக்கமில்லை. எங்கிருந்து தொடங்குவது?
- ஒரு வாசகர், பர்மிங்ஹாம்

பதில்: வீட்டில் சொல்லிவிட்டீர்களா? அங்கிருந்து தொடங்குங்கள்.

பிறகு, பெயிண்ட்டைப் பார்த்து மயங்காமல் கதவுக்குக் கீழே குனியுங்கள். இந்தக் காருக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. கதவுக்கடியில் ஓடும் 'சில்' என்கிற தகட்டுப் பெட்டிதான் முதுகெலும்பு. அது துருவில் கரைந்திருந்தால், ஜாக்கி போட்டுத் தூக்கும்போது கதவின் இடைவெளியே மாறிவிடும். குரோம் பாலிஷுக்கு எடுத்து வைத்த காசை வெல்டரிடம் கொடுங்கள்.

இரட்டை எஸ்யூ கார்புரேட்டர்களின் தலையிலுள்ள மூடியைத் திருகி, உள்ளே எண்ணெய் இருக்கிறதா பாருங்கள். வறண்டிருந்தால் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் வண்டி தயங்கும். இதற்குப் போய் எஞ்சினைப் பிரிக்கச் சொல்லும் மெக்கானிக்கிடமிருந்து தப்பி ஓடுங்கள்.

உங்கள் காரில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த்; 1967-இல்தான் நெகட்டிவுக்கு மாற்றினார்கள். புது ரேடியோவை வழக்கம்போல் இணைத்தால் பாட்டுக்குப் பதில் புகை வரும். பேட்டரியும் ஒன்றல்ல, 6 வோல்ட்டில் இரண்டு, சீட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். விளக்கு மங்கினால் அதைத் தயாரித்தவரைத் திட்டுவது ஆங்கிலேயர் மரபு. நீங்கள் முதலில் எர்த் முனையைச் சுரண்டித் துடையுங்கள்.

முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னுக்கு 3000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அவசியம்.

கீழே எண்ணெய் சொட்டுகிறதா? கவலை வேண்டாம். சொட்டுவது நின்றால்தான் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்க்க வேண்டும்!